டீசல் பிக்கப்பில் பம்பை மாற்றும் முன் அளந்து பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் கனரக டீசல் பிக்கப் வைத்திருக்கும் வாசகர்கள் பலர், எஞ்சினின் சக்தியைக் கூட்டும்போது டீசல் பம்பை எப்போது, எந்த அளவுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே வந்திருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (ஹூஸ்டன், டெக்சாஸ்): ஐயா, என்னிடம் 2004ஆம் ஆண்டு டாஜ் ராம் 2500 இருக்கிறது. 5.9 லிட்டர் கம்மின்ஸ் காமன் ரெயில் எஞ்சின். டீசலைப் பீய்ச்சும் நாசில்களைப் பெரிய துளையுள்ளவையாக மாற்றி, எஞ்சின் கணினியில் ட்யூனிங்கும் செய்தேன். டிரெய்லரைக் கட்டி மேட்டில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால், சில விநாடிகளில் இழுவை விழுந்துவிடுகிறது. பி 0087 என்ற பிழைக்குறியும் வருகிறது. இரண்டாவதாக ஒரு சி.பி.3 பம்ப் பொருத்தினால்தான் சரியாகும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செலவு மிக அதிகம். அவசியந்தானா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரெயிலில், அதாவது அழுத்திய டீசலை எல்லா நாசில்களுக்கும் பொதுவாகத் தேக்கி வைக்கும் குழாயில், அழுத்தம் கேட்ட அளவுக்கு எழவில்லை என்பதை மட்டுமே பி 0087 சொல்லும்; ஏன் எழவில்லை என்பதை அது சொல்லாது. உங்கள் வண்டியில் டீசல் இரண்டு கட்டமாகப் போகிறது. மின்சாரத்தில் ஓடும் ஃபீட் பம்ப் (அங்குள்ள கடைகளில் லிஃப்ட் பம்ப் என்று கேட்க வேண்டும்) தொட்டியிலிருந்து டீசலை எடுத்து, ஃபில்டர் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் பாஷ் நிறுவனத்தின் சி.பி.3 பம்ப், தன் மூன்று பிஸ்டன்களால் அழுத்தி, சுமார் 1,600 பார் வரை, அதாவது 23,000 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல், ரெயிலில் ஏற்றுகிறது. முதல் கட்டத்தில் டீசல் போதவில்லை என்றால், இரண்டாம் கட்டத்தில் எத்தனை பம்புகள் வைத்தாலும் அவை அழுத்துவதற்கு ஒன்றும் இருக்காது.

உங்கள் ஆண்டு மாடலில் முதல் கட்டந்தான் பலவீனமானது. 2003, 2004 வண்டிகளில் ஃபீட் பம்ப் எஞ்சினை ஒட்டிய ஃபில்டர் கூட்டிலேயே அமர்ந்திருக்கிறது. இந்த வகை மின் பம்புகள் டீசலைத் தள்ளுவதில் கெட்டி. தொலைவிலிருந்து உறிஞ்சுவதில் அவ்வளவு திறமை கிடையாது. தொட்டியோ வண்டியின் நடுப்பகுதியில், கீழே இருக்கிறது. பின்னாளில் இதே எஞ்சினுக்கு ஃபீட் பம்பைத் தொட்டிக்குள்ளேயே இறக்கி வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, ஒரு டாலர் செலவழிக்கும் முன் ஃபில்டருக்குப் பிறகு, சி.பி.3 பம்புக்குள் குழாய் நுழையும் இடத்துக்கு முன்னால், ஒரு பிரஷர் கேஜைப் பொருத்துங்கள். ஃபில்டருக்கு முன்னால் பொருத்திவிட்டு, அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். அடைத்துக்கொண்ட ஃபில்டருக்கு முன்னால் அழுத்தம் எப்போதும் நன்றாகத்தான் காட்டும். பிறகு வழக்கமான சுமையோடு, வழக்கமான மேட்டில், உயர் கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது 10 பி.எஸ்.ஐ. காட்டும் முள், சுமையில் 5-க்குக் கீழே விழுந்தால், குறை முதல் கட்டத்தில் இருக்கிறது. சி.பி.3 பம்பின் மேல் பழி போட வேண்டியதில்லை.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்பது நல்லது. எஞ்சின் 600 குதிரைத்திறன் தருவதாக வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 447 கிலோவாட். ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் தருவதற்கு 240 கிராம் டீசல் என்று கொண்டால், மணிக்கு 107 கிலோ, அதாவது சுமார் 128 லிட்டர், அமெரிக்க அளவில் 34 கேலன் எரியும். அப்படியானால் மணிக்கு 150 கேலன் என்று விற்கப்படும் ஃபீட் பம்ப் எதற்கு என்ற கேள்வி எழும். அந்த 150 பெரும்பாலும் தடையில்லாமல் ஓடவிட்டு எடுத்த அளவு. இரண்டு ஃபில்டர்கள், பல அடி நீளக் குழாய், வளைவுகள் ஆகியவற்றைக் கடந்து, குறிப்பிட்ட அழுத்தத்தையும் காக்க வேண்டும் என்னும்போது அது வெகுவாகக் குறைந்துவிடும். அதோடு, சி.பி.3 பம்ப் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவும் உயவுக்கும் டீசலையே நம்பியிருக்கிறது. அப்படிச் சுற்றிய டீசல் எரியாமல் தொட்டிக்குத் திரும்புகிறது. உங்கள் வண்டிக்கு 100 முதல் 150 கேலன் வரையிலான பம்ப் ஒன்றை வண்டியின் அடிச்சட்டத்தில், தொட்டிக்கு அருகில் பொருத்தினால் தாராளமாகப் போதும்.

கேஜின் முள் விழாமல் நிற்கிறது, ஆனாலும் ரெயில் அழுத்தம் விழுகிறது என்றால், அப்போது இரண்டாம் கட்டத்துக்கு வரலாம். அங்கும் பம்பைக் குற்றம் சொல்வதற்கு முன் கசிவைத் தேட வேண்டும். ஸ்கேனரில் கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஒரே திரையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ரெயிலின் முனையில் இருக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வு தேய்ந்துபோனால், உரிய அழுத்தம் வருவதற்கு முன்பே திறந்து டீசலைத் தொட்டிக்கு அனுப்பிவிடும். அதன் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஒரு புட்டிக்குள் விட்டு, எஞ்சின் ஐடிலில் ஓடும்போது சொட்டுகிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அடுத்தது நாசில்களின் ரிட்டர்ன். சிலிண்டர் தலைக்குள் நாசிலையும் வெளிக்குழாயையும் இணைக்கும் சிறிய கனெக்டர் டியூபின் முனை சரியாக உட்காரவில்லை என்றால், அழுத்திய டீசல் அங்கேயே வழிந்து திரும்பிவிடும். நீங்கள் நாசில் மாற்றியிருப்பதால் இதை முதலில் சந்தேகிக்கிறேன். அந்த டியூபுகளைப் பழையபடியே போட்டுவிட்டு, உரிய டார்க்கில் முறுக்காமல் விடுவது அடிக்கடி நடப்பதுதான்.

ட்யூனிங் செய்தவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். 3,000 சுற்றில் ஆறு சிலிண்டர் எஞ்சினில் நிமிடத்துக்கு 9,000 முறை டீசல் பீய்ச்சப்படுகிறது. முன்சொன்ன 128 லிட்டரை அதில் வகுத்தால், ஒரு முறைக்கு ஏறத்தாழ 237 கன மில்லிமீட்டர் வருகிறது. பெரிய துளை போட்ட பிறகும், சிறிய துளைக்கு வைத்திருந்த அதே நீண்ட நேரம் நாசிலைத் திறந்து வைத்தால், எந்தப் பம்பாலும் ரெயிலை நிரப்பி மாளாது. திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்துத் திருத்தி எழுதினாலே பல வண்டிகளில் அழுத்தம் நிலைத்துவிடுகிறது.

பொதுவாக, நல்ல ஃபீட் பம்ப் பின்னால் இருந்தால், கம்பெனி கொடுத்த சி.பி.3 பம்பே சக்கரத்தில் 550 குதிரைத்திறன் வரைக்கும் ஈடுகொடுக்கும். அதற்கும் மேலே போகத்தான் வேண்டும் என்றால், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கூட்டிய ஒற்றை சி.பி.3 பம்பை நான் முதலில் பரிந்துரைப்பேன். அது பழைய இடத்திலேயே, பழைய கியரிலேயே ஓடும். இரட்டைப் பம்பில் இரண்டாவது பம்ப் முன்பக்க பெல்ட்டில் ஓடுவதால், பெல்ட் அறுந்தால் ரேடியேட்டர் தண்ணீர் பம்பும் சேர்ந்தே நிற்கும். பந்தயத்துக்கு அது சரி. டிரெய்லர் இழுக்கும் குடும்ப வண்டிக்குச் சரியாக வராது. டீசலைக் கூட்டும் அளவுக்குக் காற்றைக் கூட்டவில்லை என்றால் புகைபோக்கியில் கரும்புகையும், எஞ்சினுக்குள் அளவுமீறிய சூடும்தான் மிஞ்சும். சுமை இழுக்கும்போது எக்ஸாஸ்ட் வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டி நீடிக்க விடாதீர்கள்.

கேள்வி (டாலஸ், டெக்சாஸ்): 2013 செவ்ரோலே சில்வராடோ வைத்திருக்கிறேன். 6.6 லிட்டர் டூராமேக்ஸ் எஞ்சின். எஞ்சினில் எதையும் மாற்றவில்லை. இதிலுள்ள சி.பி.4 பம்ப் திடீரென்று உடைந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். முன்கூட்டியே சி.பி.3 பம்புக்கு மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் நண்பர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2011 முதல் 2016 வரை வந்த டூராமேக்ஸில் சி.பி.4 வரிசையைச் சேர்ந்த சி.பி.4.2 பம்ப் இருக்கிறது, ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கிலும் 2011 முதல் அதுதான். மூன்று பிஸ்டன்களுக்குப் பதிலாக, 90 பாகைக் கோணத்தில் இரண்டே பிஸ்டன்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ரோலர், அது கேம் தண்டின் மேல் உருள்கிறது. ரோலர் கேமின் மேல் நேராக உருளும்வரை தொல்லையில்லை. டீசலோடு காற்று கலந்தாலோ, தண்ணீர் புகுந்தாலோ, உயவு போதாமல் போனாலோ, ரோலரைத் தாங்கும் கிண்ணம் தன் இடத்திலேயே திரும்பிவிடக்கூடும். திரும்பிய ரோலர் உருளாமல் கேமின் மேல் குறுக்கே உராயும். உராய்ந்தால் இரும்புத் துகள் உதிரும். இதில் கொடுமை என்னவென்றால், கேமை நனைக்கும் அதே டீசல்தான் அழுத்தப்படுவதற்கும் போகிறது. எனவே அந்தத் துகள் பம்போடு நிற்காமல் ரெயில், நாசில்கள், ரிட்டர்ன் குழாய், தொட்டி என்று எங்கும் பரவுகிறது. அத்தனையையும் மாற்றித் தொட்டியையும் கழுவினால் செலவு 10,000 டாலரைத் தொடுவது சாதாரணம்.

இது வண்டி உரிமையாளர்களின் வெறும் புலம்பல் அன்று. ராம் நிறுவனம் 2019, 2020ஆம் ஆண்டு 6.7 லிட்டர் கம்மின்ஸ் வண்டிகளில் சி.பி.4 பம்பைப் போட்டது. 2021 மாடலில் மறுபடியும் சி.பி.3 பம்புக்கே திரும்பியது. 2021 நவம்பரில், அந்த இரண்டு ஆண்டு வண்டிகள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்துப் பம்பை மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. டூராமேக்ஸும் 2017இல் வந்த புதிய எஞ்சினில் டென்ஸோ நிறுவனத்தின் பம்புக்கு மாறியதோடு, தொட்டிக்குள் ஃபீட் பம்பையும் சேர்த்துக்கொண்டது.

உங்கள் 2013 வண்டியில் ஃபீட் பம்பே கிடையாது என்பதுதான் என் பார்வையில் பெரிய குறை. தொட்டியிலிருந்து எஞ்சின் வரையிலான குழாய் முழுவதிலும் டீசல் உறிஞ்சப்பட்டே வருகிறது. உறிஞ்சும் குழாயில் ஓர் இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆகவே நான் செய்யச் சொல்லும் முதல் வேலை, தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரும், காற்றை வெளியேற்றும் வழியும் கொண்ட ஒரு நல்ல ஃபீட் பம்பைப் பொருத்துவது. ஃபாஸ், ஏர்டாக் ஆகிய இரண்டு நிறுவனங்களும் இந்த வகையில் நன்கு அறியப்பட்டவை.

இரண்டாவது வேலைக்குச் செலவே இல்லை. பம்பின் மேல் இருக்கும், டீசலை அளந்து உள்ளே விடும் வால்வைக் கழற்றி, அதன் முனையில் உள்ள நுண்ணிய வலையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் நிம்மதி. வெள்ளி ஜிகினாத் தூளைத் தூவியதுபோல் மின்னினால், பம்ப் தேய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதன்பின் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும், பழையதை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்க்கும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வலை சுத்தமாக இருக்கிறது, வண்டியை இன்னும் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், சி.பி.3 மாற்றத்துக்குச் செலவழிப்பதில் தவறில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்கும் எண்ணம் இருந்தால், பைபாஸ் கிட் எனப்படும் இணைப்பு போதும். பம்பின் உட்புறத்தை நனைத்த டீசல் நேரே ரெயில் பக்கம் போகாமல், தொட்டிக்குத் திரும்பி ஃபில்டர் வழியாக மறுபடி வரும்படி அது பாதையை மாற்றுகிறது. பம்ப் உடைவதை அது தடுக்காது; உடைந்தால் நாசில்களையும் ரெயிலையும் காப்பாற்றும். எனினும் ஒன்று: மாற்றத்துக்கு நாள் குறித்துவிட்டு, அதுவரை ஃபீட் பம்ப் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ், அரிசோனா): டீசலில் சல்ஃபர் குறைந்துவிட்டதால்தான் பம்புகள் தேய்கின்றன என்கிறார்களே, உண்மையா? ஏதாவது கலந்து ஊற்ற வேண்டுமா?

பதில்: பாதி உண்மை. 2006 முதல் அமெரிக்கச் சாலை வாகன டீசலில் சல்ஃபர் 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) என்ற வரம்புக்குக் குறைக்கப்பட்டது. உயவு தந்தது சல்ஃபர் அன்று. சல்ஃபரை நீக்கும் சுத்திகரிப்பு, இயல்பாகவே உயவு தரும் வேறு சில பொருள்களையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. அதனால் உயவுச் சேர்ப்புகளைக் கலந்தே டீசலை விற்கிறார்கள். எனினும் உயவுச் சோதனையில் உலோகத்தில் விழும் தேய்மானத் தடத்துக்கு அமெரிக்கத் தரம் 520 மைக்ரான் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பியத் தரமோ 460 மைக்ரானோடு நிறுத்திவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப, 2 சதவீதம் பயோடீசல் கலந்த டீசலே பெரும்பாலும் போதும். நம்பகமான உயவுச் சேர்ப்பை ஒவ்வொரு தொட்டிக்கும் ஊற்றினாலும் சரிதான். பயன்படுத்திய எஞ்சின் ஆயிலை மட்டும் யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள்.

கேள்வி (அட்லாண்டா, ஜார்ஜியா): 2001 டாஜ் ராம், 24 வால்வு கம்மின்ஸ். பி 0216 பிழைக்குறி வந்து, வி.பி.44 பம்ப் இரண்டாவது முறையாகப் போய்விட்டது. இந்த முறை அதிகத் திறனுள்ள வி.பி.44 வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: அதே பம்ப் இரண்டாவது முறையும் போயிருக்கிறது என்றால், அதைக் கொன்ற காரணம் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. வி.பி.44 ரோட்டரி வகைப் பம்ப். தலையில் மின்னணுப் பலகையைச் சுமந்துகொண்டிருக்கும் பம்ப். அதற்குள் போகும் டீசலில் ஒரு பகுதிதான் எரிகிறது. மீதி, பம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு ஓவர்ஃப்ளோ வால்வு வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. அந்த வால்வு திறப்பது சுமார் 14 பி.எஸ்.ஐ.யில். உள்ளே வரும் அழுத்தம் அதற்கும் மிகவும் கீழே இருந்தால், திரும்பிப் போகும் ஓட்டமே இல்லை. பம்பும் அதன் தலையில் இருக்கும் பலகையும் வெந்துகொண்டிருக்கும். எஞ்சின் பிளாக்கில் பொருத்தப்பட்ட பழைய ஃபீட் பம்ப் பலவீனமாகும்போது வண்டி எந்த அறிகுறியும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் இந்த மாடலின் ஆபத்து; தெரியவரும்போது வி.பி.44 போயிருக்கும்.

ஆகவே வி.பி.44 கம்பெனித் தரத்திலேயே இருக்கட்டும். மிச்சமாகும் பணத்தில், வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்தும் ஃபீட் பம்ப், அகலமான குழாய், கண்ணெதிரே ஒரு கேஜ் ஆகிய மூன்றையும் வாங்குங்கள். பழைய குழாய்களின் முனையில் இருக்கும் பாஞ்சோ போல்ட்டுகளின் குறுகிய துளை ஓட்டத்தை நெரிக்கும், அவற்றையும் மாற்றிவிடுங்கள். ஐடிலில் 15 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், முழு ஆக்ஸிலேட்டரிலும் 10-க்குக் கீழே போகக்கூடாது, 20-ஐத் தாண்டவும் தேவையில்லை. முள் 10-ஐ நெருங்கும் அன்றே ஃபில்டரை மாற்றினால், மூன்றாவது வி.பி.44 வாங்க வேண்டிய அவசியம் வராது என்று நம்புகிறேன்.

கேள்வி (சான் அன்டோனியோ, டெக்சாஸ்): 2006 டூராமேக்ஸுக்கு 150 கேலன் ஃபீட் பம்ப் வாங்கிவிட்டேன். நானே பொருத்தலாம் என்று இருக்கிறேன். தொட்டியின் அடியில் துளை போட்டு சம்ப் (அடியிலிருந்து டீசலை எடுக்கும் கிண்ணம்) வைப்பதா, மேலிருந்து குழாய் இறக்குவதா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: சாலையில் ஓடும் வண்டிக்கு மேலிருந்து குழாய் இறக்குவதே என் தேர்வு. சம்ப் வைத்தால் கடைசிச் சொட்டு வரை காற்றில்லாமல் எடுக்கும் என்பது உண்மை; கால் தொட்டிக்குக் கீழே ஓட்டும் வழக்கம் உள்ளவர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும் அது நல்லதுதான். ஆனால் அது தொட்டியின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும். தொட்டியில் அடங்கும் அழுக்கும் தண்ணீரும் முதலில் அங்கேதான் வந்து சேரும். மேலிருந்து இறக்கும்போது, குழாயின் முனை தொட்டியின் அடித்தரையோடு ஒட்டாமல், அரை அங்குலம் இடைவெளி இருக்கும்படி சாய்த்து வெட்டுங்கள். துளை போடும் வேலை எதுவானாலும், தொட்டியை இறக்கி வைத்துச் செய்யுங்கள். துளையிடும்போது உதிரும் பிளாஸ்டிக் சுருள்களை ஒன்றுவிடாமல் துடைத்து எடுங்கள். உள்ளே தங்கிய ஒரு சிறு சுருள், குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டு, முழு ஆக்ஸிலேட்டரில் மட்டும் அடைத்து, நின்றதும் விலகிவிடும். அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

உங்கள் எஞ்சினில் சி.பி.3 பம்ப் முன்பு உறிஞ்சியே வேலை செய்தது என்பதால், இப்போது அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியதில்லை. 8 முதல் 10 பி.எஸ்.ஐ. போதும். பம்பின் ரெகுலேட்டர் அந்த அளவில் இருக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஃபில்டர் தலையில் கையால் அழுத்தும் பிரைமர் இருக்கிறதே, அதன் ஓ-ரிங் முன்பு காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்திருந்தால், இனி அதே வழியாக டீசல் வெளியே கசியும். பொருத்திய மறுநாள் அந்த இடத்தை ஈரமிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேரே, ஃபியூஸும் ரிலேயும் வைத்து எடுங்கள். ரிலேவை இயக்கும் கம்பியைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் கொடுங்கள். விபத்தில் எஞ்சின் நின்று, சாவி மட்டும் போட்டபடியே கிடந்தால், பம்ப் டீசலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஒன்றையும் அந்தக் கம்பியில் சேர்த்துவிட்டால் எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்கும். பம்பை எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தள்ளி, ஃபில்டரைக் கழற்றக் கை போகும் இடத்தில் பொருத்துங்கள்.

கேள்வி (டென்வர், கொலராடோ): எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யாத வண்டிக்கு ஃபீட் பம்ப் போட்டால் மைலேஜும் சக்தியும் கூடுமா?

பதில்: கூடாது. எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கணினி. போதிய டீசல் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால், கூடுதலாக வருவது தொட்டிக்குத்தான் திரும்பும். காற்றும் தண்ணீரும் இல்லாத டீசல் கிடைப்பதால் பம்புக்கும் நாசில்களுக்கும் ஆயுள் கூடும். அதற்காகப் போடுவதென்றால் போடுங்கள். மைலேஜ் கூடும் என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி (சாக்ரமென்டோ, கலிஃபோர்னியா): பம்ப் மாற்றுவது சட்டத்துக்கு உட்பட்டதா? புகைச் சோதனையில் சிக்கல் வருமா?

பதில்: அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்குவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடை செய்கிறது. கலிஃபோர்னியாவில் இன்னும் ஒரு படி மேலே. மாசு வெளியீட்டோடு தொடர்புடைய, கம்பெனி அமைப்பை மாற்றும் பாகம் எதுவானாலும், மாநிலக் காற்று வாரியத்தின் விலக்கு ஆணை எண் இருக்க வேண்டும். வாங்கும் முன் அந்த எண் பெட்டியிலோ பாகத்திலோ அச்சிடப்பட்டிருக்கிறதா, உங்கள் வண்டியின் ஆண்டுக்கும் எஞ்சினுக்கும் அது பொருந்துகிறதா என்று பாருங்கள். சோதனையாளர் எஞ்சின் பகுதியைக் கண்ணால் பார்க்கும்போது கேட்பது அந்த எண்ணைத்தான்.

பம்போடு சேர்த்து, புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டரையும் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் உடன்படாதீர்கள். பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுக் கருவிகள் நீக்கப்பட்டிருக்கின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் மதிப்பிட்டது. அந்தப் புகையைச் சுவாசிப்பது அதே தெருவில் விளையாடும் பிள்ளைகள்தாம் என்பதால், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கேள்வி (ஆஸ்டின், டெக்சாஸ்): ஐயா, இளமையில் நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவன். அங்கே ஃபில்டர் மாற்றினால், நாசில் நட்டைத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட்டரை ஓட்டி ஏர் எடுப்போம், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவோம். இப்போது என் மகனுடைய 2004 கம்மின்ஸுக்குப் புது ஃபீட் பம்ப் போட்டோம். ஏர் லாக் ஆகி ஸ்டார்ட் ஆகவில்லை. அதே முறையில் ஏர் எடுக்கலாமா?

பதில்: கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நீங்கள் பழகிய லாரிகளின் இன்லைன் பம்ப், ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனியே, முறை வரும்போது மட்டும் அழுத்தம் கொடுப்பது. காமன் ரெயிலில் அழுத்தம் ரெயிலில் எப்போதும் தேங்கி நிற்கிறது. எஞ்சின் ஓடும்போது 1,600 பார் வரை போகிறது. தளர்ந்த நட்டிலிருந்து அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல், கண்ணுக்கே தெரியாத இழையாக வந்து கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். அதனால் எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாய் எதையும் தளர்த்தாதீர்கள். கசிவு இருக்கிறதா என்று கையால் தடவியும் பார்க்காதீர்கள். ஓர் அட்டையை நீட்டிப் பார்த்தால் அதில் ஈரம் படும்.

மகனுடைய வண்டியில் ஏர் எடுக்கும் வழி எளிது. ஸ்டார்ட்டரை ஒரு கணம் மட்டும் தட்டிவிட்டு, சாவியை ஆன் நிலையிலேயே விடுங்கள். எஞ்சின் ஓடாமலேயே ஃபீட் பம்ப் சுமார் 25 விநாடி ஓடி நிற்கும். இதை நான்கைந்து முறை செய்யுங்கள். கேஜில் அழுத்தம் ஏறி நிலையாக நிற்கத் தொடங்கியதும் ஸ்டார்ட் செய்யுங்கள். 30 விநாடிக்கு மேல் தொடர்ந்து ஸ்டார்ட்டரை ஓட்டாமல், இடையிடையே இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். புது பம்பின் ஃபில்டர்களைப் பொருத்தும்போது டீசலை நேரே ஊற்றி நிரப்பியிருந்தால், வடிகட்டப்படாத டீசல் உள்ளே போயிருக்கும் என்பதால், அடுத்த முறை அப்படிச் செய்ய வேண்டாம். காலியாகவே பொருத்தி, பம்ப் தானே நிரப்பட்டும். இத்தனைக்குப் பிறகும் கேஜில் அழுத்தம் ஏறவில்லை என்றால், தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உறிஞ்சும் பக்க இணைப்பு ஒன்று இறுகாமல் இருக்கிறது. கிளிப் ஒவ்வொன்றையும் கழற்றி, குழாய் முழுவதும் உள்ளே ஏறியிருக்கிறதா என்று பார்த்துப் பொருத்துங்கள்.

கசிவு தேடும்போது தப்பித்தவறிக் கையில் டீசல் பாய்ந்து சிறு துளை மட்டுமே தெரிந்தாலும், வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாமல், அன்றே, அந்த மணியே, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், உயர் அழுத்த டீசல் தோலுக்குள் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும்.